இரும்பைக் காக்கும் இலை

கடலுக்கு அண்மையில் வாழ்வோர் வீட்டில் இரும்பு நெடுநாள் நிலைப்பதில்லை. படலையின் கீலும், யன்னற் கம்பியும், கிணற்றுக் கப்பியும், துவிச்சக்கர வண்டியின் சங்கிலியும், வள்ளத்து ஆணியும் உப்புக் காற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு பங்கு வரி செலுத்தியே தீரும். குடாநாட்டின் கரையோரக் கிராமங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து கற்றவர்களுக்கு இதனை எடுத்துக் கூறவேண்டுவதில்லை. எண்ணெய் பூசுவோம், வர்ணம் தீட்டுவோம், விலை கூடினும் நாகம் பூசிய வாளியையே தேடி வாங்குவோம். இலைச்சாற்றைக் கொண்டு இரும்பைக் காக்கலாம் என்று சொல்பவனை மட்டும் ஊரார் சற்று ஒருவிதமாகவே நோக்குவர். அவ்வாறு நோக்கப்பட்டவர்களுள் நானும் ஒருவன். ஆதலின், உமக்குப் பழக்கமான ஒரு பொருள்பற்றி எழுதித் தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது வேறு பொருள் தேடி நான் அலையவில்லை.

நூல்களில் துரு என்றும் நம் வீடுகளிற் கறள் என்றும் வழங்கும் செந்நிறப்பொடி இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடிய விடத்தே தோன்றுவது. ஒரே இரும்புத் துண்டின் ஓரிடம் அனோட்டாகி இலத்திரன்களை இழந்து கரைகின்றது. வேறோரிடம் கதோட்டாகி அவ்விலத்திரன்களை நீருக்கும் ஒட்சிசனுக்கும் வழங்குகின்றது. கண்ணுக்குப் புலப்படாத ஆயிரக்கணக்கான சிறு மின்கலங்கள் ஓர் ஆணியின் மேற்பரப்பில் ஓயாது இயங்குகின்றன எனலாம். உப்பு நீர் மின்னை நன்கு கடத்துவது. அதிலுள்ள குளோரைட்டோ இரும்பின்மேல் இயல்பாகப் படரும் மெல்லிய காப்புப் படலத்தையும் பிளந்துவிடும். கடற்கரையிற் கறள் விரைவாக வருவதன் காரணம் இவ்வளவே.

நமது மண்ணில் மற்றொரு தொல்லையும் உண்டு. சுண்ணக்கல்லின் ஊடாக ஊறிவரும் கிணற்று நீரைக் கேத்தலிற் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளைப் படிவு ஏறும். வீட்டிலே தேசிக்காய்ப் புளி கொண்டு அதனைக் கழற்றிவிடுகிறோம். பெருந்தொழிற்சாலையின் கொதிகலத்திலும் இதே படிவுதான். ஆங்கே ஐதரோக்குளோரிக்கமிலம் ஊற்றப்படும். உருக்குத் தகடுகளின் மேலுள்ள செதிலை அகற்றுவதற்கும் அமிலத் தொட்டியில் அவற்றை அமிழ்த்துவர். அமிலத்துக்குப் படிவு எது, இரும்பு எது என்ற பேதம் தெரியாது. முன்னதைத் தின்று முடித்ததும் பின்னதையும் தின்னத் தொடங்கும். அதனைத் தடுத்து நிறுத்துமாறு அமிலத்திற் சிறிதளவு சேர்க்கப்படும் பொருளையே அரிப்புத் தடுப்பான் என்கின்றனர்.

இத்தடுப்பான்களின் வரலாறு தாவரங்களோடுதான் தொடங்குகின்றது என்பதைப் பலரும் அறியார். 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவிற் சர்க்கரைப் பாகும் தவிடும் தாவர எண்ணெயும் அமிலத் தொட்டிகளிற் கலந்து பார்க்கப்பட்டன. 1930ஆம் ஆண்டளவிற் செலிடோனியம் என்னும் மஞ்சட் பால் கொண்ட பூண்டின் உலர்ந்த தண்டு, இலை, விதை முதலியவற்றின் சாறு சல்பூரிக்கமிலத் தொட்டிகளிற் பயன்பட்டது. பின்னர் நேர்ந்ததுதான் விந்தை. தாவரச் சாற்றைக் காட்டிலும் திறமாகவும் என்றும் ஒரே தன்மையாகவும் வேலைசெய்யும் கனிப்பொருட்கள் கைக்கெட்டின. 1932இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எண்ணெய்க் கிணறொன்றினுள் அமிலம் செலுத்தப்பட்டபோது குழாயைக் காப்பதற்கு ஆசனிக்குச் சேர்மம் சேர்க்கப்பட்டது. ஆறவைக்கும் நீரோடும் குழாய்களுக்குக் குரோமேற்று வந்தது. இரண்டும் இரும்பைக் காத்தன. இரண்டும் நஞ்சு.

குரோமேற்றை நான் முதன்முதல் அறிந்தது நூலில் அன்று. என் சிறிய தந்தையாரின் மூத்த மகனுடைய கையில். எனக்கு அண்ணர் முறையான அவர் கொழும்பில் ஒரு தொழிற்சாலையில் நீராறும் கோபுரத்தின் பொறுப்பில் இருந்தார். செம்மஞ்சட் பளிங்குகளை வெறுங்கையால் அள்ளி நீரிலே போடுவது அவர் தினப்பணி. 1967இல் யான் பல்கலைக்கழக விடுமுறையில் அவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். விரற் கணுக்களிலே துளையிட்டாற்போல வட்டமான ஆழ்ந்த புண்கள். வலி பெரிதில்லை, ஆனால் மாதக்கணக்கில் ஆறுவதுமில்லை என்றார். மூக்கின் நடுத்தண்டிலும் துளை விழுந்திருந்தது. இவை குரோமத்தோடு பழகுவோர்க்கு வரும் நோய்கள் என்று தொழில் மருத்துவ நூல்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே எழுதிவைத்திருந்தன. கையுறை கொடுக்க வேண்டியவர்கள் அந்நூல்களைத் திறந்ததில்லை போலும்.

“தம்பி, நீ இரசாயனம் படிக்கிறாய். இந்த மஞ்சள் தண்ணிக்குப் பதிலாய் வேறொன்றும் கிடையாதோ?” என்று அவர் கேட்டார். மறுமொழி சொல்ல என்னிடம் அன்று ஒன்றுமில்லை. அண்ணர் காலமாகிப் பல்லாண்டுகள் ஆயின. அவருடைய கேள்வி மட்டும் என்னை விட்டு நீங்கவில்லை.

உலகமும் அக்கேள்வியைப் பிந்தித்தான் கேட்டது. கலிபோர்னியா மாநிலத்து இங்க்லி என்னும் சிற்றூரில், எரிவாயுவை அழுத்தி அனுப்பும் நிலையமொன்று 1952 முதல் 1966 வரை குரோமேற்றுக் கலந்த நீரைத் திறந்த குட்டைகளில் விட்டதனால் நிலத்தடி நீர் கெட்டது. ஊர்மக்களின் வழக்கு 1996இலேதான் முடிவுற்றது. அறுவலுக் குரோமம் மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. குளிரூட்டும் அமைப்புக்களின் கோபுரங்களில் அதனை இடுவதை அமெரிக்க அரசு 1990இல் தடைசெய்தது. 2017 செப்டெம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற் குரோம முவொட்சைட்டைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்த இயலாது. இத்தகைய தடைகள் நெருங்கிவந்த காலத்திலேதான் ஆய்வாளர் மீண்டும் இலையையும் பட்டையையும் நாடினர்.

இலைச்சாறு இரும்பை எவ்வாறு காக்கும்? இலையிலே தனின்கள், பிளேவனோயிட்டுகள், அற்கலோயிட்டுகள் எனப் பல பெருமூலக்கூறுகள் உள்ளன. அவற்றிலுள்ள ஒட்சிசன், நைதரசன், கந்தகம் ஆகிய அணுக்கள் பிணைப்பிற் சேராத இலத்திரன் சோடிகளை உடையன. இரும்பின் மேற்பரப்போ இலத்திரன்களை ஏற்க இடமுடையது. ஆகவே இம்மூலக்கூறுகள் உலோகத்தின்மீது போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் அமிலம் தொடமுடிவதில்லை. புறத்துறிஞ்சல் என்பது இதுவே. சாற்றின் அளவைக் கூட்டக் கூட்ட மூடப்படும் பரப்பும் கூடும். முழுவதும் மூடியபின் எவ்வளவு ஊற்றினும் பயனில்லை. இதனைக் கணிக்கும் சமன்பாட்டை இலாங்மியூர் என்னும் அமெரிக்க அறிஞர் 1918இல் வெளியிட்டார். 1932இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். வெப்பம் ஏறினால், இறுகப் பற்றாது சும்மா ஒட்டியிருந்த மூலக்கூறுகள் கழன்றுவிடும். ஆதலால் 30 பாகையில் நன்கு காக்கும் சாறு 60 பாகையிற் கைவிடுவதுமுண்டு.

காப்பை அளக்கும் முறை நம் ஆய்வுகூடத்து மாணவர் எவர்க்கும் விளங்கும். ஒரே அளவான இரு இரும்புத் தகடுகளை நிறுத்து, ஒன்றைத் தனி அமிலத்திலும் மற்றதைச் சாறு கலந்த அமிலத்திலும் ஒரே நேரம் வைத்து, கழுவி உலர்த்தி மீண்டும் நிறுத்தல் வேண்டும். முதலாவது 100 மில்லிகிராமும் இரண்டாவது 20 மில்லிகிராமும் இழந்தனவாயின் காப்பு 80 வீதம் என்பர். தராசு பொய் சொல்லாது என்பது உண்மையே. ஆயினும் கழுவும் கை பொய் சொல்லும். கறளைச் சுரண்டும்போது இரும்பையும் சுரண்டிவிட்டாற் கணக்குக் கெடும்.

மருதோன்றியை எடுத்துக்கொள்வோம். நம் பெண்கள் கைக்கு இட்டுச் சிவக்கக் காணும் அதே இலைதான். 2005இல் எகிப்திய ஆய்வாளர் அதன் சாற்றை உருக்கு, நிக்கல், நாகம் ஆகிய மூன்றிலும், அமிலம், நடுநிலை உப்புநீர், காரம் ஆகிய மூன்றிலும் சோதித்தனர். உருக்குக்கு அமிலத்திற் காப்பு மிகுதி. உப்புநீரில் அதனிற் குறைவு. காரத்திலே மிகக் குறைவு. நாகத்துக்கோ வரிசை மாறி உப்புநீரிலே காப்பு மிகுதியாயிற்று. ஒரு சாறு ஓர் உலோகத்துக்குச் செய்ததை மற்றொன்றுக்கும் செய்யும் என்று கருதுவோர் இவ்வொரு முடிவையாவது நினைவில் வைத்தல் நன்று. 2009இல் ஈரானிய ஆய்வாளர் ஒரு மோலர் ஐதரோக்குளோரிக்கமிலத்தில், இலீற்றருக்கு 1.2 கிராம் மருதோன்றிச் சாறு மெல்லுருக்கை 92 வீதம் காத்தது எனக் கண்டனர். அவர்கள் அதனோடு நில்லாது சாற்றின் உறுப்புக்களையும் தனித்தனியே பிரித்துச் சோதித்தனர். கையைச் சிவக்கச் செய்யும் உலோசோன் என்னும் நிறப்பொருளே முதலிடம் பெற்றது. தனிக்கமிலம் கடைசியில் நின்றது. சாயம் பிடிக்கும் பொருளே இரும்பையும் பிடித்துக்கொள்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

கடைசியில் நின்ற தனின் இனத்துக்கும் நம்மிடையே ஒரு பழைய பெருமை உண்டு. என் வகுப்புத் தோழன் ஒருவனின் தந்தையார் கடற்றொழில் செய்தவர். நைலோன் வலை பரவுமுன்னர், 1950களில், வலைகள் பருத்தி நூலாலும் சணலாலும் ஆனவை. கடல்நீரில் நனைந்து ஈரமாகவே கிடந்தாற் சில வாரங்களில் உக்கி அறுந்துபோகும். ஆகையாற் கண்டல் மரத்துப் பட்டையைப் பெரிய பீப்பாவில் அவித்து, அந்தச் செந்நீரில் வலையைத் தோய்த்துக் காயவிடுவார்கள். பள்ளி விடுமுறை நாட்களில் அவ்வடுப்பங்கரையில் நின்று புகையிற் கண்ணீர் வடித்தவர்களுள் யானும் ஒருவன். வலைக்கு நிறம் ஊட்டுகிறார்கள் என்றே எண்ணியிருந்தேன். வலையைத் தின்பவை பற்றீரியாக்களும் பங்கசுகளும் என்பதும், அவை நூலைச் செரிப்பதற்குச் சுரக்கும் நொதியங்களைத் தனின் பிணித்துச் செயலற்றனவாக்குகின்றது என்பதும் பின்னர்க் கற்றவை. அவிக்கும் இரும்புப் பீப்பாவின் உட்புறம் நீலங்கலந்த கருமையாய் இருக்கும். தனினும் இரும்பும் கூடிய இரும்புத் தனேற்று அது; கடுக்காய் மையின் கருமையும் அதுவே. அகழ்வில் எடுத்த பழம் இரும்புப் பொருட்களுக்கு நூதனசாலையினர் தனிக்கமிலம் பூசிக் காப்பதும் இக்கரும்படலத்தை நாடியே. 2007இல் மலேசிய ஆய்வாளர் கண்டற் பட்டைத் தனின் அமிலத்தில் உருக்கைக் காக்கும் என்று நிறுவினர்.

நூலை உக்கச்செய்யும் கிருமிக்கும் இரும்பைத் தின்னும் அரிப்புக்கும் இடையே தொடர்பில்லை என்றே நெடுங்காலம் எண்ணினோம். 1934இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் இருவர் அதனை மாற்றினர். வார்ப்பிரும்பு நீர்க்குழாய்கள் காற்றுப் புகாத களிமண்ணுள்ளே விரைந்து அரிக்கப்படுவதை அவர்கள் ஆராய்ந்தனர். ஒட்சிசன் இன்றேல் துருவும் இல்லையன்றோ? ஆயினும் குழாய்கள் துளைத்துப்போயின. சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றி உயிர்வாழும் பற்றீரியாக்களே காரணம் என்பது அவர்தம் முடிவு. கண்டற் காட்டுச் சேற்றிற் காலை வைத்ததும் எழும் அழுகிய முட்டை மணம் அவற்றின் மூச்சே. எண்ணெய்க் குழாய், கப்பலின் அடித்தட்டு, ஆழ்குழாய்க் கிணறு எங்கும் இவை ஒட்டுப்படலமாய்ப் படர்ந்து, அப்படலத்தின்கீழ் இரும்பைக் கருஞ்சல்பைட்டாக்கும். இத்தகைய இடத்திலே இரும்பை மூடினாற் போதாது, கிருமியையும் அடக்கல் வேண்டும். தொழிற்சாலைகள் அதற்கெனத் தடுப்பானோடு கிருமிகொல்லியையும் தனியே ஊற்றுகின்றன. ஒரே சாறு இரண்டையும் செய்யுமாயின் நஞ்சு ஒன்றுக்கு இரண்டாய்க் குறையும். இலைச்சாற்றில் என் ஈடுபாடு முழுவதும் இவ்வொரு புள்ளியிலேதான் நிற்கின்றது.

கிருமிச் சோதனையும் எளியதே. அகர்க் கூழ் பரப்பிய பெற்றிக் கிண்ணத்திற் பற்றீரியாவை விதைத்து, சாற்றில் நனைத்த காகித வட்டத்தை நடுவில் வைத்து ஒரு நாள் சூட்டறையில் வைத்தால், சாறு வலியதாயின் வட்டத்தைச் சுற்றி வளர்ச்சியற்ற தெளிந்த வளையம் தோன்றும். தபிலோகொக்கசு போன்ற கிராம்-நேர் இனங்கள் எளிதில் அடங்கும். எசரிக்கியா கோலி போன்ற கிராம்-எதிர் இனங்களுக்கு வெளிமென்சவ்வு ஒன்று கூடுதலாக இருத்தலின் அவை எளிதில் அடங்கா. சாற்றை அற்ககோலில் எடுத்திருந்தால் அற்ககோலே கிருமியைக் கொன்றிருக்கலாம். ஆகவே வெறும் அற்ககோலில் நனைத்த வட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைக்காத சோதனை சோதனையே ஆகாது. வளையம் கண்டவுடன் மருந்து கண்டோம் என ஆர்ப்பரிப்பதும் தகாது. கிண்ணத்தில் அடங்கியது உடலில் அடங்குமா என்பது முற்றும் வேறு வினா.

வேம்பின் கதையையும் ஈண்டுச் சொல்லலாம். வேப்பெண்ணெயாற் பங்கசை அடக்கும் முறைக்கு ஐரோப்பியப் புத்தாக்க அலுவலகம் 1994இல் ஓர் அமெரிக்கக் கம்பனிக்கும் அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கும் உரிமை வழங்கியது. இந்தியாவில் அது முன்னரே வழக்கில் இருந்தது எனச் சான்று காட்டப்பட்டதும் 2000இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005இல் தள்ளப்பட்டது. வழக்கை வென்றது வேம்பின் பெருமை பாடிய பாட்டன்று, செய்தவர் தந்த சாட்சியம்.

இனி, இத்துறையின் குறைகளையும் மறைக்கலாகாது. ஆண்டுதோறும் ஏதேனுமோர் இலையின் பெயரும் 90 வீதத்துக்கு மேற்பட்ட காப்பும் தலைப்பிற் கொண்ட கட்டுரைகள் மலிந்துவிட்டன. அவற்றுட் பல, சில மணி நேரச் சோதனைகள். ஆலையிலே இரும்பு ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். மாரியிற் பறித்த இலையும் கோடையிற் பறித்த இலையும் ஒன்றல்ல. ஒரு மரத்தின் சாறு அடுத்த மரத்தினதை ஒவ்வாது. நீரிலெடுத்த சாறு நுண்ணங்கிகளுக்கே உணவாகி, கிருமிகொல்லி எனப் பெயரிட்ட போத்தலிலேயே பூஞ்சணம் பிடிப்பதை நான் கண்டிருக்கிறேன். இலை என்பதனால் நஞ்சன்று எனக் கொள்வதும் பேதைமை. அலரியும் இலையே, முற்கூறிய செலிடோனியமும் நச்சுப் பூண்டே. இரும்பைக் காக்கவென்று கண்டற் காட்டை வெட்டுவதை எவரும் பசுமை என்று அழையார். ஆதலாற் பட்டையை விடுத்து, ஆண்டுதோறும் தளிர்க்கும் இலையையும் பழத்தோலையும் நாடுவதே முறை.

குரோமேற்று நீங்கிய கோபுரங்களில் அதன் இடத்தைப் பிடித்தவை பொசுபேற்று, பொசுபோனேற்று, மொலிப்டேற்று, நாக உப்பு முதலியன, இலைச்சாறன்று. இதனை அண்ணர் இருந்திருந்தால் அவரிடமும் ஒளிக்காமற் சொல்லியிருப்பேன். அவருடைய மஞ்சள் தண்ணி அமிலமன்று, நடுநிலை நீர். இலையின் திறமோ பெரும்பாலும் அமிலத்திலேதான் இதுவரை காட்டப்பட்டுள்ளது. கொதிகலப் படிவு கழற்றுவோர்க்கும் தகட்டுத் தொட்டியில் நிற்போர்க்கும் இன்று கைகொடுக்கக்கூடியது கோபுரத்தில் நிற்பவனுக்கு இன்னும் எட்டவில்லை.

சென்ற தவணையில் நம் கல்லூரி உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஆய்வுகூடத்தில் இத்தகடுகளை நிறுக்கத் தொடங்கினர். வாரம் இருமுறை சென்று அருகிலிருந்து பார்க்கும் பேறு எனக்குக் கிட்டியது. வேம்பு, மருதோன்றி, கொய்யா, பூவரசு ஆகிய நான்கும் நிழலிலே காயவைத்து இடிக்கப்பட்டன. அமிலச் சோதனையில் மருதோன்றி முந்தியது. பூவரசைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. அந்த முடிவையும் குறிப்பேட்டில் அடிக்காமல் எழுதிவைத்ததைக் கண்டு நான் உவந்தேன். “ஐயா, அமிலத்தில் வைத்ததைக் கிணற்றுத் தண்ணியில் வைத்தால் என்ன?” என்று அவர்களுள் இளையவன் கேட்டான். ஆகவே கரையோரக் கிணறு ஒன்றின் உவர்நீரும் நகரக் கிணறு ஒன்றின் வன்னீரும் தனித்தனிக் கலன்களிற் கொண்டுவரப்பட்டுள்ளன. வெறும் இரும்பு, நாகம் பூசிய இரும்பு என இருவகைத் தகடுகள் எண்ணிடப்பட்டு, நிறுக்கப்பட்டு, நூலிற் கட்டித் தொங்குகின்றன. இம்முறை சில மணிக்கல்ல, மூன்று திங்களுக்கு. போத்தல்களிற் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு தனிப் பத்தியும் குறிப்பேட்டிற் கோடிடப்பட்டிருக்கிறது.